யாரைக் கேட்டு வரைந்தார்கள்?

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். 1967இல் சிகாகோ தெற்குப் பகுதியில், 43ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கும் முனையில் தூரிகை எடுத்த கருப்பினக் கலைஞர்களுக்கு அந்தச் சுவரே சொந்தமில்லை. பாழடைந்த மாடிக் கட்டடம், உரிமையாளரின் முறையான அனுமதியும் கிடையாது. அக்கம்பக்கத்தாரிடம் மட்டும் பேசிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான சில்வியா அபர்நாத்தி சுவரை ஏழு பகுதிகளாகப் பிரித்துக் கொடுத்தார். முகமது அலி, நீனா சிமோன், மால்கம் எக்ஸ், கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் என முகங்கள் எழுந்தன. ஓவியங்களுக்கு இடையிடையே புகைப்படங்களையும் பதித்தார்கள். முனையிலிருந்த பத்திரிகைக் கடையைக்கூட விடவில்லை. அதற்குக் கரோலின் லாரன்ஸ் வண்ணம் தீட்டினார். 'மரியாதைச் சுவர்' பிறந்தது இப்படித்தான். இனநீதி பேசும் சுவரோவியத்தின் வலு அழகிலோ அளவிலோ இல்லை, அதில் யார் முகம் வரவேண்டும் என்று முடிவெடுத்தது யார் என்பதில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மார்ட்டின் லூதர் கிங்குக்கு அதில் இடமில்லை! தங்கள் காலத்தின் வேகத்துக்கு அவர் போதாது என்று நினைத்தார்கள். அந்த முடிவு சரியா என்பது வேறு பேச்சு, எடுத்தவர்கள் அவர்கள்.

படம் வரைந்தால் வாடகை குறையுமா, போலீஸ் அடி நிற்குமா என்று கேட்கலாம். இரண்டும் நடக்கவில்லை. ஆனால் கருப்பின ஓவியர்களை அருங்காட்சியகங்கள் வாசலிலேயே நிறுத்திய காலம் அது. தங்கள் நாயகர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துத் தெருவில் நிறுத்துவதே அன்று ஓர் அரசியல் செயல். மறு ஆண்டே டெட்ராய்ட்டில் 'கண்ணியச் சுவர்' எழுந்தது. சிகாகோ சுவரை வரைந்தவர்கள் ஒரே குரலில் பேசினார்களா என்றால், அதுவும் இல்லை. நார்மன் பாரிஷ் வரைந்த அரசியல் தலைவர்கள் பகுதியை அவர் சம்மதமின்றி வெள்ளையடித்து, வேறொருவர் மீண்டும் வரைந்தார். ஓவியர்களுக்குள் மனக்கசப்பு. அந்தச் சண்டையை நான் குறையாகக் கருதவில்லை. சுவர் தங்களுடையது என்று நினைப்பவர்கள்தானே அதற்காக மல்லுக்கட்டுவார்கள்.

2020 ஜூன் 5 அன்று வாஷிங்டனில் நடந்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். கருப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸார் கொன்றதால் நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். வெள்ளை மாளிகைக்குப் போகும் 16ஆம் தெருவில், 'கருப்பர் உயிரும் உயிரே' என்ற முழக்கத்தை 35 அடி மஞ்சள் எழுத்துகளில் நகர நிர்வாகமே எழுதவைத்தது. அதை வெறும் ஒப்புக்குச் செய்த வேலை என்று அந்த முழக்கத்தையே பெயராகக் கொண்ட இயக்கத்தின் உள்ளூர்க் கிளையே சாடியது. அவர்கள் கேட்டது காவல்துறை நிதிக் குறைப்பு. அரசே சொல்லும்போது குரல் பெரிதாகக் கேட்குமே என்பது நியாயமான வாதம்தான், உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. ஆனால் அரசு எழுதியதை அரசே அழித்துவிடலாம். நாடாளுமன்றத்திலிருந்து நிதி மிரட்டல் வந்ததும், 2025 மார்ச்சில் அதே நிர்வாகம் சாலையைப் பெயர்த்தது. சிகாகோ சுவரும் நிலைக்கவில்லை. 1971இல் தீப்பிடித்தது, பிறகு கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். அதுவரை அந்தச் சுவரில் யார் இருக்கலாம், யார் கூடாது என்று அந்தத் தெருவுக்கு வெளியிலிருந்து யாரும் உத்தரவிடவில்லை.