குளிரில் தூங்கும் கார்

நார்வேயின் வடகோடியில் கராஷோக் என்றொரு சிற்றூர். 1886-இல் அங்கே பதிவான மைனஸ் 51.4 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை அந்நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை. மைனஸ் 30 எல்லாம் அவ்வூரில் யாரையும் திகைக்க வைக்காது. அதே நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்கார்கள். இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற கார் காலையில் எப்படிக் கிளம்புகிறது?

சும்மா நிற்கும் பேட்டரியிலிருந்து குளிர் சார்ஜை உறிஞ்சிவிடுவதில்லை. பேட்டரி தானாகச் சார்ஜ் இழப்பதும் வேதிவினையால்தான். குளிரில் அதுவும் மந்தமாகிவிடும். சிக்கல், சார்ஜை வெளியே எடுப்பதில். லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து மற்றதற்குப் போக, நடுவிலுள்ள மின்பகுளித் திரவத்தைக் கடக்க வேண்டும். மார்கழித் தேங்காய் எண்ணெய் போல அது தடித்துவிட்டால் அயனிகள் திணறும். டெஸ்லா காரின் திரையில் அப்போது நீலப் பனிப்பூ ஒன்று தோன்றும்: இருப்பில் ஒரு பகுதியை இப்போதைக்குத் தொட முடியாது என்று பொருள். பேட்டரி சூடேறியதும் அது திரும்பக் கிடைக்கும்.

கொடுப்பதைவிட வாங்குவதில்தான் ஆபத்து. உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால், கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டிய லித்தியம் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அதில் ஒரு பங்கு மீளவே மீளாது. ஊசியாக வளர்ந்தால் உள்ளுக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். ஆகவே காரின் கணினி முதலில் பேட்டரியைச் சூடாக்கும், பிறகுதான் மின்சாரத்தைத் தாராளமாக உள்ளே விடும். 2024 ஜனவரிக் குளிரில் சிகாகோவின் சார்ஜர்கள் முன் கார்கள் வரிசை கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். காத்திருந்தபோதே சார்ஜ் தீர்ந்து, இழுத்துச் செல்லப்பட்ட கார்களும் உண்டு.

நிறுத்திவைக்கும் காலத்துக்கும் எல்லை இருக்கிறது. மைனஸ் 30-க்குக் கீழே 24 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள் என்கிறது டெஸ்லாவின் கையேடு. நிஸான் லீஃப், மைனஸ் 25-க்குக் கீழே ஏழு நாளுக்கு மேல் வேண்டாம் என்கிறது. லீஃபில் பேட்டரிக்கென்றே ஒரு ஹீட்டர் உண்டு. பேட்டரி ஏறத்தாழ மைனஸ் 17-ஐத் தொட்டதும் அது தானே இயங்கி, மைனஸ் 10-க்கு ஏறியதும் அணைந்துவிடும். அதற்கான மின்சாரம் காரின் சொந்த இருப்பிலிருந்தும் போவதால், சார்ஜ் அடிமட்டத்தில் இருக்கும் காரை வெளியே விட்டுவிட்டு ஊருக்குப் போவது புத்திசாலித்தனமல்ல.

பலரும் மறப்பது சின்ன பேட்டரியை. பெரும்பாலான மின்கார்களிலும் பெட்ரோல் கார்போலவே 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. கணினியை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை மூடுவதும் அதன் வேலை. அது செத்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் கல்தான். அது ஈய-அமில வகையாக இருந்தால் இன்னொரு வம்பு: முழுச் சார்ஜில் மைனஸ் 50-ஐயும் தாங்கும், காலியானால் அதன் அமிலம் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர், பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்துவிடும்.

காரைச் சுவரிலுள்ள சார்ஜரில் செருகியே வைப்பதுதான் சிறந்த வழி. கிளம்பும் நேரத்தைச் செயலியில் சொல்லிவிட்டால், பேட்டரியும் இருக்கைகளும் சுவர் மின்சாரத்திலேயே சூடாகிவிடும். வட ஐரோப்பியர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. பெட்ரோல் எஞ்சினைச் சூடாக்கவும் இரவில் வயர் செருகி வந்தவர்கள்தான் அவர்கள். செருக வசதியில்லையென்றால் காரைத் தூங்கவிட வேண்டும். காவல் கேமராவை ஓடவிடுவதும், சார்ஜ் குறைந்துவிட்டதா என்று செயலியை அடிக்கடி திறப்பதும் அதை எழுப்பிக்கொண்டே இருக்கும். பார்க்கப் பார்க்கக் குறையும்.

இத்தனையும் சரியாக இருந்தும், கதவோடு சமமாகப் பதிந்திருக்கும் கைப்பிடி பனியில் ஒட்டிக்கொண்டு உள்ளே விடாமல் செய்யலாம். கொதிநீர் ஊற்றினால் அது வழிந்து மறுபடி உறையும், கண்ணாடியும் விரிசல் விடலாம். செயலியிலிருந்து ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பதே மேல்.