வெள்ளி டாலரும் ஜார்ஜ் ரூபாயும்

ஹவுரா நிலையத்தில் இறங்கிப் பாலத்தைக் கடந்து நகருக்குள் செல்லும் நம் மாணவர்களில் எத்தனை பேர், பாலத்துக்கு அருகே ஸ்டிராண்டு ரோட்டில் கிரேக்கக் கோயிலின் சாயலில் தூண்கள் அணிவகுத்து நிற்கும் பழைய கட்டிடத்தைக் கூர்ந்து பார்த்திருப்பர்? 1829-இல் திறக்கப்பெற்ற கல்கத்தா நாணயச்சாலை அதுதான். 1952-இல் அலிப்பூருக்கு மாறும் வரை அது இயங்கியது.

அமெரிக்க வெள்ளி டாலரைப் பற்றி எழுதப் புகுந்தவன் ஹவுராவை ஏன் இழுக்கிறான் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. நோட்டை நீட்டி வெள்ளியைக் கேட்டனர் மக்கள். அரசாங்கத்தின் கையிருப்போ கரைந்துகொண்டிருந்தது. அந்நிலையில் 1918 ஏப்ரலில் அமெரிக்காவில் பிட்மன் சட்டம் பிறந்தது. அதன்படி 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. ஏறத்தாழ 25 கோடியே 90 லட்சம் டாலர்களின் வெள்ளி இந்திய நாணயத்துக்கென்றே பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஒரு டாலரில் 24.06 கிராம் தூய வெள்ளி. ஒரு ரூபாயில் 10.69 கிராம். ஆக, ஒரு டாலரை உருக்கினால் இரண்டேகால் ரூபாய். நம் பாட்டிமார் பெட்டியில் கிடக்கும் 1918, 1919-ஆம் ஆண்டு ஜார்ஜ் ரூபாயில் அமெரிக்கக் கழுகின் இறகொன்று கலந்திருந்தால் வியப்பில்லை!

நாணயத்தை மதிப்பிடும் கலைக்கு இக்கதையே திறவுகோல். உருகியவை பெரும்பாலும் 1878 முதல் 1904 வரை அடிக்கப்பட்ட மார்கன் டாலர்கள். எந்த ஆண்டினது எத்தனை உருகிற்று என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. ஆதலால், எத்தனை அடித்தார்கள் என்பதைக் கொண்டு விலை சொல்ல இயலாது. எத்தனை எஞ்சின என்பதே கேள்வி. நியூ ஆர்லியன்ஸில் அடித்த 1903-ஆம் ஆண்டு டாலர் நெடுங்காலம் மிக அரியதென்று பெரும் விலை பெற்றது. 1962-இல் கருவூலத்து மூட்டைகள் அவிழ்ந்தபோது அதே நாணயம் பை பையாக வெளிவந்தது, விலையும் சரிந்தது.

இனி, கையில் ஒரு டாலர் கிடைத்தால் என்ன செய்வது? முதலில் நிறுத்துப் பாருங்கள்: 26.73 கிராம் இருக்கவேண்டும், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர். காந்தம் இழுத்தால் போலி. இழுக்காததாலேயே அசல் ஆகிவிடாது. பிறகு பின்புறத்தில் கழுகின் கீழுள்ள மாலைக்கு அடியில் பாருங்கள். எழுத்தில்லையேல் பிலடெல்பியா, 'எஸ்' சான் பிரான்சிஸ்கோ, 'ஓ' நியூ ஆர்லியன்ஸ், 'சிசி' கார்சன் நகரம். 1893-ஆம் ஆண்டு 'எஸ்' டாலர் ஒரு லட்சம்தான் அடிக்கப்பட்டது. அதனால்தான் சாதாரண 1893 நாணயத்தில் 'எஸ்' எழுத்தை ஒட்டி ஏமாற்றுவோரும் உளர். உருக்கியதை ஈடுசெய்ய மீண்டும் அடித்த 1921-ஆம் ஆண்டு மார்கன் டாலரோ மலிந்து கிடப்பது. அதற்கு வெள்ளி விலைக்குமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

நம் ரூபாய்க்கும் இதே முறைதான். எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ஆண்டுக்குக் கீழே சிறு புள்ளி இருந்தால் பம்பாய். இல்லையேல் நம் கல்கத்தா. 1918-இலும் 1919-இலும் கோடிக்கணக்கில் அடித்ததால் அவை பழையவையே தவிர அரியவை அல்ல. 1911-ஆம் ஆண்டு ரூபாயின் கதை வேறு. அரசர் அங்கியிலுள்ள யானை பன்றிபோல் தோன்றுகிறதென்று எதிர்ப்பு எழுந்து, அது திரும்பப் பெறப்பட்டது. எனவே அதைத் தேடுவோர் பலர். 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாயிற்று. 1947-ஆம் ஆண்டுப் புலி ரூபாய் வெறும் நிக்கல்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர்கள்! பளபளப்பு வரும், சேகரிப்போர் தரும் விலை போய்விடும். காசுமாலைக்கென வளையம் பற்றவைத்த நாணயத்துக்கும் அதே கதிதான். அதற்கு வெள்ளி விலையே மிஞ்சும். அந்த விலையை வீட்டிலேயே கணக்கிடலாம்: அன்றைய கிராம் விலையை, ரூபாயாயின் 10.69-ஆலும், டாலராயின் 24.06-ஆலும் பெருக்குங்கள். அதற்குக் குறைத்துக் கேட்கும் கடைக்காரரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

மேற்படிப்புக்குக் கடல் கடக்கவிருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. பாட்டி கொடுத்த 1918-ஆம் ஆண்டு ரூபாய் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.