வெளியே வெயில்... உள்ளே அயர்ன் பாக்ஸ்! திருப்பூர் தொழிலாளர்களுக்குக் கைகொடுப்போமா?

வெயிலுக்குப் பயந்து நாம் கட்டடத்துக்குள் ஒதுங்குகிறோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் அயர்ன் மாஸ்டர்களுக்கோ உள்ளேயும் அனல்தான். மேலே தகர ஷீட், கையில் நீராவி கக்கும் அயர்ன் பாக்ஸ். பீஸ் ரேட் வேலை என்பதால், தண்ணீர் குடிக்க நகர்ந்தால்கூட கூலி குறையும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்பவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. அந்த நிலையே வராமல் தடுக்க நாம் என்ன செய்யலாம்?

* தண்ணீர் கேனை டேபிள் பக்கத்திலேயே வையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

* 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் ரெடி. ஸ்பூனைத் தலைதட்டி அளப்பது முக்கியம்.

* பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

* பக்கத்து லைன் வீட்டில் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் தனியாக இருக்கலாம். லீவு போட்டுப் படுத்திருந்தால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இந்தி தெரியாதா? ஒரு சொம்பு மோரை நீட்டினால் போதும், புரிந்துவிடும்!