கோபுரத்துக்குள் ஒரு சாலை

கோபன்ஹேகன் நகரின் நடுவே நிற்கும் வட்டக் கோபுரத்தில் ஏற மாடிப்படியைத் தேடினால் கிடைக்காது. வாசலைத் தாண்டியதுமே செங்கல் பாவிய சாய்தளம் ஆரம்பித்துவிடுகிறது. வெள்ளையடித்த சுவர்களுக்கு நடுவே ஏழரைச் சுற்றுச் சுற்றி, சுமார் 209 மீட்டர் நடத்திக்கொண்டுபோய் உச்சிக்குப் பக்கத்தில் விடுகிறது. கடைசிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் குறுகலான படிகள்.

கோபுரத்தை ஒட்டி ஒரு தேவாலயம். அந்நாளில் அதன் கூரைக்கு அடியில் பல்கலைக்கழக நூலகம் இருந்தது. கோபுரத்தின் தலையில் வானாய்வகம். புத்தகக் கட்டுகளையும் கனத்த கருவிகளையும் சுமந்துகொண்டு படியேற யாரால் முடியும்? சாய்தளத்திலோ வண்டியே ஏறும். சூட்சுமம் எளிமையானது. நடுத்தூணை ஒட்டி நடந்தால் தூரம் குறைவு; ஆனால் மூன்றடிக்கு ஓரடி ஏற்றம், மூச்சு வாங்கும். வெளிச்சுவரை ஒட்டி நடந்தால் தூரம் அதிகம். பத்தடிக்கு ஓரடிதான் ஏற்றம். ஒரே பாதையில் அவரவர் பாரத்துக்குத் தக்க சரிவு! 1716இல் ரஷ்யாவின் ஜார் பீட்டர் குதிரை மேலிருந்தபடியே இதில் ஏறினார் என்று சொல்வார்கள்.

இதைக் கட்டும் பொறுப்பை ஏற்றவர் அரசர் நான்காம் கிறிஸ்டியனின் கட்டடக் கலைஞரும் சிற்பியுமான ஹான்ஸ் வான் ஸ்டீன்விங்கெல். பிறந்தது 1587இல். ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்து டென்மார்க்கில் கட்டடம் கட்டிய அப்பாவுக்கும் அதே பெயர்தான். 1619இல் அண்ணன் லோரன்ஸ் இறந்துபோக, அவர் தொடங்கிய வணிக மாளிகை தம்பியின் கைக்கு வந்தது. பெருகிவந்த கடல் வணிகத்தை மனத்தில் வைத்து அரசர் எழுப்பிய மாளிகை அது. அந்த வணிகம்தான் 1620இல் டேனியர்களைத் தரங்கம்பாடிக்கும் கொண்டுவந்து, டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டவைத்தது. செங்கல் சுவரில் மணற்கல் வேலைப்பாடுகள் நெருங்கிக் கிடக்கும் மாளிகை. அதன் உச்சியில் நான்கு டிராகன்களின் வால்கள் பின்னி மேலெழுந்த கூம்பு. 2024 ஏப்ரலில் பிடித்த தீயில் அந்தக் கூம்பு எரிந்து விழுந்ததைப் பார்த்து நகரமே கலங்கியது. ஹாம்லெட் நாடகத்தால் உலகமறிந்த க்ரோன்போர் கோட்டை 1629இல் எரிந்தபோது, அதை மீட்டெடுக்கும் வேலையும் ஸ்டீன்விங்கெலிடம்தான் வந்தது.

ஆனாலும் எனக்கு அவருடைய பெரிய சாதனை வட்டக் கோபுரம்தான். கல்லைப் பூவாக்கத் தெரிந்த கை, இங்கே மஞ்சளும் சிவப்புமான செங்கற்களோடு நிறுத்திக்கொண்டது. அழகு முழுவதையும் அந்தச் சரிவுக்குள்ளேயே வைத்துவிட்டது.

1637இல் அடிக்கல் நட்டார்கள். இரண்டே ஆண்டில் ஸ்டீன்விங்கெல் காலமானார். கோபுரம் முடிந்தது 1642இல். அதன் உச்சியில் நின்று வானத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.