ஏடுகளும் புலம்பெயர்ந்தன: எலிபன்டைன் முதல் ஒஸ்லோ வரை

பாட்ஸ்பியோர்ட், நோர்வே

கி.மு. 407ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், எகிப்தின் தென்னெல்லையில், நைல் நதியின் நடுவேயுள்ள எலிபன்டைன் என்னும் தீவில் வாழ்ந்த யூதர்கள் ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். பாரசீகப் பேரரசின் காவற்படையினராக அங்கே குடியேறியிருந்தவர்கள் அவர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், அயலிலிருந்த எகிப்தியக் கோயிலின் பூசகர்களும் பாரசீக அதிகாரி ஒருவனும் சேர்ந்து அவர்களுடைய ஆலயத்தை இடித்து எரித்திருந்தனர். அன்றுமுதல் சாக்குத்துணி உடுத்து நோன்பிருக்கிறோம், முன்னரும் எழுதினோம், மறுமொழி வரவில்லை, ஆலயத்தை மீளக்கட்ட அனுமதி பெற்றுத் தாருங்கள் என்று யூதேயாவின் ஆளுநரை அவர்கள் மன்றாடினர். ஒரே விண்ணப்பத்துக்கு இரண்டு வரைவுகள் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் 1907இல் அகழ்வாய்வில் கிடைத்தன. விண்ணப்பம் எழுதுவதும் காத்திருப்பதும் எத்தகையவை என்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நாம் கவனிக்க வேண்டியது அவ்விண்ணப்பத்தின் மொழியை. அது எபிரேயத்தில் எழுதப்படவில்லை; அரமேயத்தில் எழுதப்பட்டது. சிரியப் பகுதியில் தோன்றிய அரமேயம், அசீரியர், பாபிலோனியர், பாரசீகர் என்று அடுத்தடுத்து வந்த பேரரசுகளின் நிர்வாக மொழியாயிற்று. நம் நாட்டில் ஆங்கிலம் வகித்த இடத்தை அன்றைய மேற்காசியாவில் அரமேயம் வகித்தது எனலாம். கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்து, மக்களில் ஒரு பகுதியினர் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டபின், யூதரின் அன்றாட வாழ்வில் அம்மொழி ஆழ ஊடுருவியது. எழுத்தும் மாறியது. பழைய எபிரேய வரிவடிவம் காலப்போக்கில் ஒதுங்க, அரமேயரின் எழுத்திலிருந்து வளர்ந்த சதுர எழுத்தே எபிரேய மறைநூல்களின் எழுத்தாயிற்று. இன்று உலகம் எபிரேய எழுத்து என்று அழைப்பது, பிறப்பால் அரமேய எழுத்தே.

எபிரேய வேதாகமத்தின் உள்ளேயே இந்தத் தடம் உண்டு. எஸ்றா நூலில் அரச கடிதங்கள் வரும் பகுதிகளும், தானியேல் நூலின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து ஏழாம் அதிகாரம் வரையிலான பெரும்பகுதியும் அரமேயத்தில் உள்ளன. எரேமியாவில் ஒரேயொரு வசனம். ஆதியாகமத்தில் ஓர் இடப்பெயர். நெகேமியா நூலோ நம் பெற்றோர் அனைவரும் அறிந்த ஒரு முறைப்பாட்டைப் பதிவுசெய்கிறது: கலப்பு மணம் செய்தோரின் பிள்ளைகளிற் பாதிப்பேர் அயல்மொழி பேசினர், தம் மக்களின் மொழி அவர்களுக்குப் பேச வரவில்லை. மீன் தொழிற்சாலையில் முறைவேலை முடித்து வந்து, பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கும் பாட்ஸ்பியோர்ட் தமிழருக்கு இந்த இடத்தில் உரை தேவைப்படாது. யூதர் கண்ட வழி தார்கும் எனப்பட்டது. தொழுகைக்கூடத்தில் மூலம் எபிரேயத்தில் வாசிக்கப்படும். உடனே ஒருவர் அதனை அரமேயத்தில் எடுத்துரைப்பார். மூலத்தை அவர்கள் கைவிடவில்லை, விளங்காதவரைப் பழிக்கவுமில்லை.

இயேசு பேசியதும் அரமேயமே என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஆயினும் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய பிரதிகள் யாவும் கிரேக்கத்தில் உள்ளன. மத்தேயு எபிரேய மொழியில் தொகுத்தார் என்று இரண்டாம் நூற்றாண்டின் பாப்பியாஸ் கூறியதாக ஒரு செய்தி உண்டு. அத்தகைய மூலப்பிரதி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அரமேயத்தின் ஒரு கிளையான சிரிய மொழியில் உள்ள பெஷித்தா என்னும் வேதாகமத்தின் நற்செய்திகள் கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை என்பதே ஆய்வாளர் கருத்து. எஞ்சியிருப்பவை கிரேக்க வரிகளுக்கிடையே பெயர்க்கப்படாமல் நிற்கும் சில சொற்கள்: தலித்தா கூம், எப்பத்தா, மாரனாத்தா, அப்பா. கடைசிச் சொல்லைக் கண்டதும் நம்மவர் சிலர் துள்ளிக் குதிப்பதுண்டு. ஒலி ஒத்ததால் உறவு நிறுவப்படாது. குழந்தையின் முதல் மழலை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. சாலொமோனின் கப்பல்கள் கொணர்ந்த மயிலுக்கு எபிரேயம் வழங்கும் துக்கி என்ற சொல் நமது தோகையிலிருந்து சென்றது என்பது வேறு. அதனை மொழியியலார் பலர் ஏற்கின்றனர்.

இன்று முழுமையாக எஞ்சியிருக்கும் எபிரேய வேதாகமப் பிரதிகளுள் மிகப் பழையது, லெனின்கிராட் பிரதி எனப்படும் 1008ஆம் ஆண்டின் ஏடு. 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் இடையர் கண்டெடுத்த தோற்சுருள்கள் அந்த எல்லையை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்தள்ளின. 1956 வரையில் பதினொரு குகைகளிலிருந்து 900க்கு மேற்பட்ட கைப்பிரதிகளின் எச்சங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை எபிரேயம், ஒரு பகுதி அரமேயம், சில கிரேக்கம். ஏழு மீற்றருக்கு மேல் நீளமான ஏசாயா சுருள், பிற்காலப் பிரதிகளோடு பெரிதும் ஒத்துப்போகிறது. எரேமியாவின் சில துண்டுகளோ, கிரேக்க மொழிபெயர்ப்பில் மட்டும் அறியப்பட்டிருந்த குறுகிய பாடத்தை எபிரேயத்திலேயே காட்டின. ஒரே நூலின் இருவேறு பாடங்கள் ஒரே காலத்தில், ஒரே இடத்தில் வாழ்ந்திருக்கின்றன.

பாடபேதம் நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் புள்ளி இல்லை. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றே. ரகரமும் காலும் ஒன்றே. எபிரேயச் சுருள்களில் உயிர்க்குறிகள் இல்லை. தாலெத், ரேஷ் என்னும் இரண்டு எழுத்துகள் இரட்டைப்பிள்ளைகள் போலிருக்கும். சிறுப்பிட்டி தந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது செல்லரித்த ஏடுகளோடு பட்ட பாடும், கும்ரான் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தவர்கள் பட்ட பாடும் ஒரே இனத்தவை.

இனி ஒஸ்லோவுக்கு வருவோம். சுருள்களின் பயணம் தொடக்கத்திலேயே சந்தையின் வழியாக நடந்தது. எருசலேமின் சிரியப் பேராயர் மார் சாமுவேல், பெத்லகேம் வணிகரிடம் சொற்ப விலைக்கு வாங்கிய நான்கு சுருள்களைப் போர்க்காலத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். 1954 ஜூன் முதலாம் நாள் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னலில் விற்பனை விளம்பரம் செய்தார். அவை 250,000 டொலருக்கு இஸ்ரேலின் கைக்குச் சென்றன. சந்தையில் எஞ்சிய துண்டுகள் தனியார் சேகரிப்புகளை அடைந்தன. அவற்றுள் ஒன்று நோர்வே வணிகர் மார்ட்டின் ஸ்கோயனின் சேகரிப்பு. அவரிடமிருந்த சாக்கடல் துண்டுகளை நோர்வே அறிஞர் தொர்லைவ் எல்க்வினும் மற்றவர்களும் 2016இல் நூலாக வெளியிட்டனர். மறு ஆண்டிலேயே, எல்க்வினையும் உள்ளிட்ட ஆய்வாளர் குழு, அச்சேகரிப்பின் ஒன்பது துண்டுகள் அண்மைக்காலப் போலிகளாகவே இருக்க வேண்டும் என்று எழுதியது. தோல் பழையது, மையோ தோல் வெடித்த பிற்பாடு வெடிப்புகளுக்குள் கசிந்திருந்தது. வாஷிங்டனின் வேதாகம நூதனசாலையிலிருந்த பதினாறு துண்டுகளும் போலி என்று 2020இல் வெளிவந்த அறிக்கை உறுதிசெய்தது. தாம் வெளியிட உழைத்த பொருளையே ஐயுற்று, அந்த ஐயத்தை அச்சிடும் நேர்மை அரிது.

அதே சேகரிப்பின் அரமேய மந்திரக் கிண்ணங்களின் கதை வேறு. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டுக்கும் எட்டாம் நூற்றாண்டுக்கும் இடையில், மெசொப்பொத்தேமிய வீடுகளின் வாசற்படியின் கீழ் கவிழ்த்துப் புதைக்கப்பட்ட மட்கிண்ணங்கள் இவை. உட்புறம் சுழல்சுழலாக எழுத்து. வீட்டாரை அவர்தம் தாயின் பெயரால் இனங்காட்டி, பேய்க்கு மணவிலக்குச் சீட்டு எழுதி விரட்டுபவை பல. இடையிடையே எபிரேய வேத வசனங்கள் வரும். சாக்கடல் சுருள்களுக்கும் இடைக்கால ஏடுகளுக்கும் நடுவே நீளும் வெறுமையில் அவ்வசனங்களுக்குச் சாட்சி சொல்பவை அரியவை. ஒரு குயவனின் கிண்ணம் அவற்றுள் ஒன்று.

654 கிண்ணங்கள் ஆய்வுக்காக இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு இரவலாகச் சென்றன. 1991 வளைகுடாப் போரின் பின் ஈராக்கிலிருந்து களவாகக் கடத்தப்பட்டவையோ என்ற கேள்வியை 2004இல் நோர்வே வானொலி தொலைக்காட்சிக் கூட்டுத்தாபனத்தின் ஒரு விவரணம் எழுப்பியது. ஜோர்தானியக் குடும்பமொன்றின் சேகரிப்பிலிருந்து சட்டப்படி வந்தவை என்பது சேகரிப்பாளர் தரப்பின் நிலை. கல்லூரி விசாரித்தது, இறுதியில் 2007இல் உடன்பாடு கண்டு கிண்ணங்களைச் சேகரிப்பாளரிடமே ஒப்படைத்தது. பண்பாட்டுச் செல்வங்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ சாசனத்தை நோர்வே ஏற்றதும் அதே 2007இல்தான். 2021 ஓகஸ்டில், ஈராக் உரிமை கோரிய ஏறத்தாழ நூறு தொல்பொருள்களை நோர்வேக் காவற்றுறை அச்சேகரிப்பிலிருந்து கைப்பற்றியது.

போர் நடக்கும் நாட்டிலிருந்து மனிதன் வந்தால், பிறப்புச் சான்றிதழ் எங்கே, வந்த வழி என்ன, எத்தனையாம் திகதி எல்லை கடந்தாய் என்று மணிக்கணக்கில் வினவுகிறார்கள். ஏடு வந்தபோது இக்கேள்விகளை எவரும் கேட்காத காலம் நெடிது. கேட்டிருந்தால் போலிகள் இத்தனை எளிதில் உள்நுழைந்திரா.

சேகரிப்பாளர் வாங்கியிராவிட்டால் இவை அழிந்தே போயிருக்கும் என்ற வாதத்தையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர் நீத்தார். ஒஸ்லோவின் ஒரு பெட்டகத்தில் அவற்றுட் பத்துச் சுவடிகள் இருந்திருந்தால் நாம் இன்று யாரை நொந்திருப்போம்? ஆனால் வாங்க ஆளுண்டு என்பதே தோண்டுபவனைக் கூட்டி வருகிறது என்பதும் உண்மையே. எந்த மண்ணில், எந்த வீட்டு வாசலில், யாருடைய பெயரோடு கிடந்தது என்ற செய்தி தோண்டிய கணத்திலேயே போய்விடுகிறது. கிண்ணத்தின் எழுத்தை இலண்டனில் படிக்கலாம். வாசற்படியைப் படிக்க இயலாது.

நம்மவர் வீட்டுப் பெட்டிகளிலும் பாட்டனாரின் வைத்தியச் சுவடியோ, சாதக ஓலையோ, காணி உறுதியோ இருக்கக்கூடும். 2005 முதல் இணையவழியில் ஈழத்து நூல்களைப் பேணிவரும் நூலகம் போன்ற அமைப்புகள் இத்தகையவற்றை எண்ணிமப் பிரதியெடுக்கின்றன. மூலம் வீட்டிலேயே இருக்கலாம். அதற்கு முன் ஒரு சிறு வேலை உண்டு. ஒரு தாளில், பென்சிலால், ஏடு எந்த ஊரில் எவருடைய வீட்டில் இருந்தது, யார் எழுதியது அல்லது யார் வைத்திருந்தது, எந்த ஆண்டில் யார் கையில் கடல் கடந்தது என்று எழுதி ஏட்டோடு கட்டி வையுங்கள். இவற்றைச் சொல்லக்கூடிய முதியவர் இன்னும் தொலைபேசிக்கு வருபவராயின், இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.