தோட்டத்து இரவுக்கு எந்த டோர்ச்?

பதுளை கடைவீதியில் டோர்ச் பெட்டிகளின் மேல் அச்சடிக்கும் எண் வருடா வருடம் வளர்ந்துகொண்டே போகிறது. 10,000 லுமென் பழசாகிவிட்டது, 50,000 வந்தது, இப்போது ஒரு இலட்சமும் கண்ணில் படுகிறது. பஸ்ஸின் முகப்பு விளக்கில் இருக்கும் ஹாலஜன் பல்பு ஒன்று தரும் வெளிச்சமே ஏறத்தாழ 1,500 லுமென்தான். அந்தக் கணக்கில் 50,000 லுமென் டோர்ச் என்றால், பசறை வீதியில் எதிரே வரும் முப்பது பஸ் பல்புகள் ஒரு கைப்பிடிக் குழாய்க்குள் அடங்கியிருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் இன்னொரு சைபர் சேர்க்க யாருக்கும் செலவில்லை.

என்றாலும் சார்ஜ் டோர்ச் வாங்காமல் இருக்கவும் வழியில்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தோம். அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாய்க்குப் போனது. குப்பி லாம்பு இனிக் கட்டுப்படியாகாது என்று ஆனது அன்றைக்குத்தான். தோட்டத்திலோ டோர்ச் மின்வெட்டுக்கு மட்டும் எடுக்கிற சாமானில்லை. இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போக, லயத்துக்கு வெளியே இருக்கும் கழிவறைக்குப் போக, மரக்கறித் தோட்டத்தில் பன்றிக் காவலுக்கு, மழையில் பொங்கி ஓடும் கானைத் தாண்ட, 1990 அம்புலன்ஸ் வந்து நிற்கும் தார் ரோடு வரை நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்க, எல்லாவற்றுக்கும் அதுதான் துணை.

ஆகவே கணக்கைப் பார்ப்போம். இன்றைய சார்ஜ் டோர்ச்சுகளில் அதிகம் இருப்பது 18650 என்ற லிதியம் பெட்டரி. குறுக்களவு 18 மில்லிமீற்றர், நீளம் 65 மில்லிமீற்றர், சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். ஓரளவு நல்ல பெட்டரியின் கொள்ளளவு 3,000 எம்.ஏ.எச்., அதாவது 3 அம்பியர்-மணி. 3.6ஐ 3ஆல் பெருக்கினால் 10.8 வொட்-மணி. டோர்ச்சின் சட்டிக்குள் இருக்கும் அரிசி அவ்வளவுதான். எல்.ஈ.டி. ஒன்று இந்த வகை டோர்ச்சில் ஒரு வொட்டுக்குச் சுமார் 100 லுமென் தருகிறது. 1,000 லுமென் வேண்டுமென்றால் 10 வொட் இழுக்கும், ஒரு மணித்தியாலத்தில் பெட்டரி காலி. 300 லுமெனில் மூன்றரை மணித்தியாலம் அளவில் நிற்கும். 30 லுமெனில் முப்பது மணித்தியாலத்தைத் தாண்டும்.

இப்போது '10,000 லுமென், 10 மணித்தியாலம்' என்ற பெட்டியை எடுங்கள். அதற்கு 100 வொட் வீதம் பத்து மணித்தியாலம், மொத்தம் 1,000 வொட்-மணி வேண்டும். தொண்ணூறுக்கும் மேற்பட்ட 18650 பெட்டரிகள். எடை மட்டும் நாலு கிலோவுக்கு மேல். மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவு எல்.ஈ.டி.யில் சூடாகத்தான் போகிறது என்பதால், அந்த டோர்ச்சைச் சில நிமிடங்களுக்கு மேல் கையில் பிடிக்கவும் முடியாது. உண்மையிலேயே பிரகாசமான நல்ல டோர்ச்சுகளும் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வது இந்தச் சூட்டினால்தான். பழுதாகிவிட்டது என்று திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். அலுமினிய உடல் சூட்டை வெளியே கடத்தும், பிளாஸ்டிக் உள்ளேயே வைத்துக்கொள்ளும். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி அதற்கு.

பெட்டரியின் மேலே எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. 18650 அளவில் இன்றைய உயர்தரப் பெட்டரிகளே 3,500 எம்.ஏ.எச். சுற்றித்தான் நிற்கின்றன. 6,800 என்றோ 9,900 என்றோ எழுதியிருந்தால், அந்த ஒரு வரியே அதைத் திருப்பிக் கொடுக்கப் போதுமான காரணம். இன்னும் நிச்சயமாகத் தெரிய ஒரு வழி உண்டு. "முதலாளி, பெட்டரியைக் கழட்டி ஒருக்கா தராசில வைங்க" என்று கேளுங்கள். பக்கத்துச் சாமான் கடையின் டிஜிட்டல் தராசு போதும். சரியான 18650 பெட்டரி 45 முதல் 50 கிராம் வரை காட்டும். 30, 35 கிராம் காட்டினால் உள்ளே சரக்கு குறைவு. சிறிய பெட்டரி ஒன்றை உள்ளே வைத்து, மீதி இடத்தை ஏதோ தூளால் நிரப்பி, பளபளக்கும் உறை போட்டு விற்பது உலகம் முழுக்க நடக்கும் வியாபாரம். எடையை மட்டும் அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. பெட்டரியைக் கழற்றவே முடியாதபடி மூடி ஒட்டிய டோர்ச் என்றால், நான் வாங்கமாட்டேன். முந்நூறு, ஐந்நூறு தடவை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் எந்த லிதியம் பெட்டரியும் தேயும். அன்றைக்குப் பெட்டரியை மாற்ற வேண்டுமே தவிர டோர்ச்சை அல்ல.

பின்பக்கத்தில் இரண்டு முனைகளை இழுத்து நேரே பிளக்கில் செருகும் பிளாஸ்டிக் டோர்ச் இன்னும் பல லயங்களில் இருக்கிறது. அதற்குள் இருப்பது 4 வோல்ட் ஈயப் பெட்டரி. பாவித்துவிட்டு வெறுமையாகவே மூலையில் போட்டால் அதன் ஈயத் தகடுகளில் சல்பேற் படிந்து, இரண்டு மாதத்தில் சார்ஜ் பிடிக்காமல் போகும். பழுது அதோடு நின்றால் பரவாயில்லை. இவற்றில் மலிவான பலவற்றில் ட்ரான்ஸ்போமர் கிடையாது. 230 வோல்ட்டை ஒரு கபாசிற்றர் வழியாக இறக்கி அப்படியே பெட்டரிக்கு விடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது உள்ளே எங்கு தொட்டாலும் அது மெயின் கரண்ட். நிறைந்தபின் நிறுத்துவதற்கும் ஏற்பாடு இல்லை. இதைவிட மோசமானது, செத்துப்போன ஈயப் பெட்டரியை எடுத்துவிட்டுப் பழைய லப்டொப்பிலிருந்து கழற்றிய லிதியம் பெட்டரியை அதே இடத்தில் வைத்து ஒட்டித் தரும் கைவேலை. லிதியம் பெட்டரி 4.2 வோல்ட்டில் கட்டாயம் நிற்க வேண்டும். அந்தச் சேர்க்கிட்டுக்கு நிறுத்தவே தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே பத்துக் காம்பரா, நடுவில் மரச்சட்டமும் பழைய வயரும். லயன் தீப்பற்றிய செய்தி மலையகத்தில் யாருக்கும் புதிதல்ல. படுக்கையில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? பழைய மூன்று பெட்டரி டோர்ச்சின் இழை பல்பு தந்தது இருபது முப்பது லுமென்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் நம் தாத்தாமார் மடுல்சீமை மலைகளில் இறங்கி ஏறினார்கள். கண்ணுக்கு அது போதுமானதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. இருட்டில் பார்க்கும் கோல் செல்கள் முழுதாக விழித்துக்கொள்ள இருபது முப்பது நிமிடம் எடுக்கும். பிரகாசமான ஒளி ஒரு தரம் கண்ணில் பட்டால் அந்த உழைப்பெல்லாம் வீண். 1,000 லுமெனைக் காலடியில் அடித்துவிட்டு நிறுத்திப் பாருங்கள், சுற்றிலும் கறுப்புச் சுவர் நிற்கும். வெளிச்சம் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரிவதும் இல்லை. அப்படித் தெரிய நாலு மடங்கு அளவில் கூட்ட வேண்டும்.

நடைபாதைக்கு முக்கியமானது ஒளியின் நிறம். நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் காணும் வெள்ளை ஒளி, அந்த நீலச் சில்லின் மேல் மஞ்சள் பொஸ்பர் பூசி எடுப்பது. மலிவான டோர்ச்சில் அதில் சிவப்பு மிகக் குறைவு. சிவப்பு இல்லாத ஒளியில் காய்ந்த சருகும், ஈர மண்ணும், அவற்றின் மேல் சுருண்டு கிடக்கும் கூன்மூக்கு விரியனும் ஒரே சாம்பல் பழுப்பு. சிங்களத்தில் குணகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸா என்று சொல்லும் இந்தச் சிறிய பாம்புதான் இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கிறது. தேயிலை மலையிலும் வீட்டு வாசலிலும் இருக்கும். ஆஸ்பத்திரிகளில் பாவிக்கும் இந்திய விஷமுறிவு மருந்து இதன் கடிக்கு வேலை செய்வதில்லை. கடிபடாமல் பார்த்து நடப்பதே பெரிய வைத்தியம். டோர்ச் பெட்டியில் 'சி.ஆர்.ஐ. 90' என்றிருந்தால் அது நிறத்தை ஏறக்குறைய சூரிய ஒளியில் போலவே காட்டும். வழக்கமானவை 70 அளவில். 90 உள்ளது கொஞ்சம் மங்கலாக இருக்கும், பரவாயில்லை. கடையில் சோதிக்க உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். தோல் தோலாகத் தெரிய வேண்டும், பிணத்தின் கையாக அல்ல.

பனிமூட்டத்தில் மஞ்சள் ஒளி கிழித்துக்கொண்டு போகும் என்று அப்புத்தளைப் பக்கம் டிரைவர்மார் அடித்துச் சொல்வார்கள். இயற்பியல் அவர்களுக்குச் சாட்சி சொல்லாது. பனித் துளியின் குறுக்களவு பத்து மைக்ரோன் அளவில், ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. அவ்வளவு பெரிய துளி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். பனியில் உதவுவது டோர்ச்சைப் பிடிக்கும் இடம். நெற்றியில் கட்டும் ஹெட் டோர்ச் கண்ணுக்கு நேர் மேலே இருப்பதால், துளிகளில் பட்ட ஒளி நேரே கண்ணுக்கே திரும்பி வந்து வெள்ளைத் திரை போட்டுவிடும். இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்து, வெளிச்சத்தையும் குறைத்தால் பாதை தெரியும். கூட்டக் கூட்டத் தெரியாது.

புத்தள, வெல்லவாயப் பக்கம் யானைக் காவலுக்கு இருப்பவர்களின் தேவை வேறு. அவர்களுக்குத் தூரம் வேண்டும். லுமென் என்பது மொத்த ஒளி, ஒரு திசையில் அதன் செறிவு கண்டெலா. அமெரிக்காவில் 2009இல் வந்த எஃப்.எல்.1 என்ற டோர்ச் அளவுமுறைப்படி, கதிரின் தூரம் என்பது ஒளி முழுநிலவு அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸ் வரை குறையும் இடம். கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அது மீற்றரில் கிடைக்கும். 10,000 கண்டெலாவுக்கு 200 மீற்றர். 400 மீற்றர் வேண்டுமென்றால் 40,000 கண்டெலா. ஆனால் நிலவொளியில் சாம்பல் நிற யானையை அடையாளம் காண்பது எப்படி என்று காவல்காரர்களைக் கேளுங்கள். பெட்டியில் போட்ட தூரத்தில் பாதியைத்தான் நம்பலாம். தூரக் கதிரைக் கையில் வைத்திருப்பவர் மரத்தில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டில் அதை அடித்து விளையாடக் கூடாது. கலைந்த கூடு இரவிலும் ஒளியை நோக்கியே பறந்து வரும்.

மழைக்கு வருவோம். ஊவாவில் கச்சான் அடிக்கும் வரண்ட மாதங்கள் போய், ஒக்டோபரிலிருந்து மழை பிடித்துக்கொள்ளும். மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29. டித்வா புயல் வந்தது 2025 நவம்பர் இறுதியில். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். நடுச்சாமத்தில் மழைமானியைப் பார்ப்பதற்கும், பின்சுவரில் புது வெடிப்பு விட்டிருக்கிறதா, ஊற்று கலங்கி வருகிறதா என்று பார்ப்பதற்கும் ஒரு கை வெளிச்சம் கட்டாயம். கரண்ட் வர எத்தனை நாள் ஆகும் என்று தெரியாத அந்த இரவுகளில், 10 லுமென் போன்ற சின்ன வெளிச்சம் இருக்கும் டோர்ச்சே காலத்துக்கு நிற்கும். குறைந்தது, நடு, உச்சம் என்று மூன்று நிலை, உச்சம் 500இலிருந்து 1,000 லுமென், அதற்கு மேல் எனக்கு வேண்டாம். ஒவ்வொரு தரம் அழுத்தும்போதும் கண்சிமிட்டும் நிலைகளைத் தாண்டித்தான் அணைக்க முடியும் என்ற டோர்ச்சும் வேண்டாம். நீர்த் தாங்கலுக்கு ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும், கானில் விழுந்தால் எடுக்கலாம். விழுந்தால் தாங்கும் உயரம் ஒரு மீற்றர் என்று போட்டிருந்தால் போதும்.

தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் சார்ஜ் துளையை மூடும் ரப்பர் நாக்கு சரியாக உட்காராததால்தான். ஈரத்தோடு சார்ஜ் வயரைச் செருகினால் உள்ளே இருக்கும் மெல்லிய பித்தளை முனைகள் மின்சாரத்திலேயே அரித்துப் பச்சை பூக்கும். துடைத்து, அடுப்பங்கரையில் ஒரு பகல் காயவைத்துவிட்டு ஏற்றுங்கள்.

இன்னொரு சில்லறைத் தொல்லை. புது போனோடு வரும், இரண்டு பக்கமும் 'சி' முனை உள்ள வயரில் போட்டால் சில டோர்ச் சார்ஜ் ஏறவே ஏறாது. டோர்ச்சின் துளைக்குள் வைக்க வேண்டிய, சில சதம் மட்டுமே பெறுமதியான இரண்டு ரெசிஸ்டரைத் தயாரித்தவர் மிச்சம் பிடித்திருப்பார். அவை இல்லாமல் அந்த சார்ஜர் கரண்ட் விடாது. பழைய போனின் தட்டை முனை சார்ஜரிலும், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் 'சி' என்றுள்ள வயரிலும் போட்டால் ஏறிவிடும். டோர்ச்சோடு வந்த வயரைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போகாமல் ஒளித்து வையுங்கள்.