கையெழுத்து ஒரு வருசத்துக்கு, கட்டுப்பாடு இரண்டு வருசத்துக்கா?



பிள்ளையைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பாத லயம் இன்று குறைவு. முதலில் கடையிலோ போர்டிங்கிலோ தங்குகிறார்கள். பிறகு கூட்டாளிமார் மூன்று நாலு பேர் சேர்ந்து கொட்டாஞ்சேனை, வத்தளை, வெள்ளவத்தைப் பக்கம் ஓர் அனெக்ஸோ, தொடர்மாடி வீடோ வாடகைக்கு எடுக்கிறார்கள். அங்கேதான் 'அக்ரிமெண்ட்' என்ற கடதாசி வருகிறது. லயத்துக் காம்பராவுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிப் பழகியவர்கள் அல்ல நாம். ஆகவே, "எங்க சேர் கையெழுத்து?" என்று கேட்டுப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்தக் கடதாசியின் கடைசிப் பக்கங்களில் இப்படி ஒரு வாசகம் இருக்கலாம்: 'முடிவுத் திகதிக்கு மூன்று மாதங்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்காவிட்டால், இவ்வொப்பந்தம் மேலும் ஒரு வருடத்துக்கு நீடிக்கப்பட்டதாகக் கருதப்படும்.'

இதன் அர்த்தம் என்ன? ஓர் உதாரணம் பார்ப்போம். ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடியும் ஒப்பந்தம். மாத வாடகை 30,000 ரூபா, முற்பணம் 90,000 ரூபா. "வருசம் முடிஞ்சா போகலாம்தானே" என்று பிள்ளை டிசம்பரில் வந்து சொல்கிறது. வீட்டுக்காரரோ, "செப்டெம்பர் முடியிறதுக்குள்ள எழுதித் தரல்லையே, இன்னும் ஒரு வருசம் இருக்கு" என்கிறார். இடையில் விட்டுப்போனால் முற்பணத்தைத் தரமாட்டேன் என்பார். 90,000 ரூபா என்பது எத்தனை நாள் பேர், எத்தனை கிலோ கொழுந்து என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சேமலாப நிதிக் காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டவர்களுக்கு இது விளங்கும். முடியும் நாளில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், வங்கி பெரும்பாலும் அதை மறுபடி அதே காலத்துக்குப் போட்டுவிடும். அங்கே நமக்கு வட்டி வரும். இங்கே நம் கையிலிருந்துதான் காசு போகும்.

வீடு சும்மா கிடக்கக்கூடாது என்றுதான் வீட்டுக்காரர் இதை எழுதுகிறார். அது கள்ள வேலையல்ல. நாம் வாசிக்காமல் இருப்பதுதான் ஆபத்து.

சட்டத்திலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். அப்படி எழுதாத வெறும் கடதாசி, ஒரு வருடக் குத்தகையாக நிற்காது. பொதுவாக அது மாத வாடகையாகவே கொள்ளப்படும். மாத வாடகைக்கு ஒரு முழு மாத அறிவித்தல் தேவை. ஜூலை நடுவில் கடிதம் கொடுத்தால் ஓகஸ்ட் முடிவில்தான் வெளியேறலாம். ஆனால் நொத்தாரிசு முன் எழுதியிருந்தால், அந்த நீடிப்பு வாசகத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், கையெழுத்துக்கு முன் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். "முடிஞ்ச பிறகு என்ன நடக்கும்? எத்தனை மாசத்துக்கு முன்ன சொல்லணும்? வாடகை கூடுமா?" என்று மூன்று கேள்வியும் கேளுங்கள்.

2. நீடிப்பு வாசகம் பிடிக்காவிட்டால், 'இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் நீடிக்கும்' என்று மாற்றித் தரக் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் கேட்டால்தான் மாற்றலாம்.

3. ஒரு பிரதியை வாங்கி வையுங்கள். அறிவிக்க வேண்டிய கடைசித் திகதியை வீட்டுக் கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள்.

4. வாயால் சொன்னது போதாது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டையும் கடிதப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள்.

5. வாடகைக்கும் முற்பணத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் பயந்து இரவோடிரவாக வீட்டைவிட்டுப் போக வேண்டாம். போனால் முற்பணமும் போகும், நியாயமும் போகும். கடதாசியை எடுத்துக்கொண்டு சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்கலாம்.

தீபாவளிக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது பலகாரம் கொடுத்துவிட்டு, "அக்ரிமெண்டைக் கொஞ்சம் காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். முடிவுத் திகதி எது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.